டீ காசில் ஓடிய பக்கம்

என் மச்சினனைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை அவன். பம்பு கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. வெளியே தெரிவது இவ்வளவுதான். ஆனால் பதினோரு வருஷமாக, முகம் தெரியாத எத்தனையோ மோட்டார் கடைக்காரர்கள் அவன் சொன்ன எண்ணை நம்பித்தான் கம்பி சுற்றினார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவன் நான். அதனால் நானே எழுதுகிறேன். படிப்பு எனக்கு ஏழாவதோடு சரி. வாக்கியம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை வெட்டி எடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது பிழைப்பு. இதில் எல்லாமே ஒரு எண்ணில் இருக்கிறது. ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்ற எண். கூடிப் போனால் மோட்டார் சோம்பேறி ஆகிவிடும். குறைந்து போனால் சூடேறிப் புகைந்துவிடும். பழைய காயில் உருப்படியாக இருந்தால் ஒவ்வொரு கம்பியாக எண்ணிக்கொள்ளலாம். கருகிக் கட்டியாகிவிட்டால் கடவுளே வந்தாலும் எண்ண முடியாது. அப்போது, எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று எழுதி வைத்த நோட்டு வேண்டும்.

ஒவ்வொரு கடையிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். அதைக் கட்டின பெண்டாட்டிக்குக்கூடக் காட்ட மாட்டோம். பக்கத்துக் கடைக்காரன் வந்து கேட்டால் நோட்டு வீட்டில் இருக்கிறது என்போம். வீட்டுக்கே வந்து கேட்டால் கடையில் இருக்கிறது என்போம்.

மச்சினனும் முதலில் வைண்டிங் வேலைதான் பார்த்தான், அந்தக் கம்பெனியின் ரிப்பேர் பகுதியில். என்னைவிட நல்ல கை. ஒருநாள் சங்கிலியில் தொங்கிய மோட்டார் நழுவி அவன் கை மேல் இறங்கியது. இரண்டு விரல் போனபின், கம்பியை வரிசை பிசகாமல் உட்காரவைக்க முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். ரிப்பேருக்கு வரும் மோட்டார் எல்லாம் அவன் மேஜையைத் தாண்டித்தான் போகும். சும்மா இருக்கத் தெரியாதவன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சுற்று, எந்தக் கேஜ் தடிப்புக் கம்பி என்று எழுத ஆரம்பித்தான். நோட்டு நிறைந்தது. ஆறு மாசம் மாடியில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி, எழுதியதையெல்லாம் இணையத்தில் ஏற்றினான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏண்டா மாப்ள, ஊரு பூரா கடையைத் திறந்துவிட்டா நான் எதை வெச்சுப் பொழைக்கறது?"

"இதைப் பூட்டி வெச்சு என்ன மாமா பண்ணப் போறோம்? ஒரு எண்ணு தெரியாம ஒருத்தன் மூணு தடவை கம்பியை வீணாக்கறான்."

"வீணாக்கட்டும். நாலாவது தடவை என்கிட்ட வருவான்."

"ரொம்ப நல்ல மனசு மாமா உங்களுக்கு," என்றான் என் மனைவியைப் பார்த்து. அவள் அவனுடைய அக்கா. தம்பி என்ன சொன்னாலும் சிரிப்பாள்.

இணையத்தில் இடம் பிடித்து வைக்க வருஷா வருஷம் வாடகை கட்ட வேண்டுமாம். அதற்காக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி போட்டிருந்தான். 'இந்த எண் உங்கள் வேலைக்கு உதவியிருந்தால், ஒரு டீ காசு அனுப்புங்கள்.' நம் தொழில்காரன் பேப்பரையே ஓசியில் படிப்பவன், அவனிடமா காசு கேட்கிறாய் என்று கேலி செய்தேன். நூறில் ஒருத்தன் கொடுத்தால் போதும் என்றான். ஆயிரத்தில் மூன்று பேர்தான் கொடுத்தார்கள். அதிலேயே வாடகை ஏறக்குறையச் சரியாகும். துண்டு விழுவதைச் சம்பளத்தில் போட்டுக்கொள்வான்.

காசோடு சிலர் இரண்டு வரி எழுதி அனுப்புவார்கள். சாப்பிட உட்காரும்போது அதைச் சத்தமாகப் படிப்பான். 'பள்ளிக்கூடத்துத் தண்ணி மோட்டார். உங்க எண்ணால அன்னிக்கே ஓடுச்சு. ரெண்டு டீ.'

"ரெண்டு டீ குடுத்த மகராசனுக்கு ஒரு பிஸ்கட்டு வாங்கிக் குடுக்க மனசு வரலையாக்கும்," என்பாள் என் மனைவி.

"பிஸ்கட்டு அடுத்த வருஷம்கா."

அவனுக்கென்று வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சினிமா இல்லை, சிநேகிதர்கள் இல்லை. ஆறாயிரம் மோட்டார் இருந்தன அந்தப் பக்கத்தில். ஆறாயிரத்துக்கும் எண் அவனுக்கு மனப்பாடம்.

போன வருஷம் அந்த வாடகைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய திட்டத்தை மூடுகிறார்கள். மூன்று வருஷ வாடகையை மொத்தமாக முன்னாலேயே கட்ட வேண்டும், அதுவும் புது விலையில். மூன்று மாசம் கெடு. கட்டாவிட்டால் கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். மச்சினனின் நாலு மாசச் சம்பளம் அது. கீழே இருந்த வரியைத் தூக்கிப் பக்கத்தின் உச்சியில் வைத்தான். தேதியையும் போட்டான். ஆறு வாரத்தில் பாதி வந்தது. அதற்குமேல் நகரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"மாமா, ஒண்ணு கேப்பேன். இல்லைன்னு சொல்லக் கூடாது."

"பணமா?"

"அதைவிடப் பெருசு. உங்க நோட்டு. புதுசா ஐநூறு மோட்டார் ஏத்தியிருக்கோம்னு போட்டா ஜனங்க திரும்பிப் பாப்பாங்க."

என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். "பதினோரு வருஷமா மாடில கெடக்கறான். இன்னிக்குத்தான் வாயைத் திறந்து ஒண்ணு கேக்கறான். குடுத்துத் தொலைங்களேன். அதை வெச்சு என்ன கோட்டையா கட்டப் போறீங்க?"

கொடுத்தேன். வேண்டாவெறுப்பாக இல்லை, மனசாரத்தான் கொடுத்தேன். முப்பது வருஷ நோட்டு அது. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அந்த நோட்டில் ஒரு விஷயம் இருந்தது. நான் வேலை பழகிய கடையில் யாரும் சுற்று எண்ணை உள்ளபடி எழுத மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு உண்டு. எனக்கு ஆறு. நிஜ எண்ணில் ஆறைக் கழித்து எழுதுவேன். நாற்பத்தாறு சுற்று என்றால் நோட்டில் நாற்பது. எவனாவது நோட்டைத் திருடிக்கொண்டு போய்க் கட்டினால் அவன் மோட்டார் புகைய வேண்டும். அதற்காகத்தான். முப்பது வருஷம் இப்படியே எழுதி, இப்படியே படித்து, கூட்டுகிறோம் என்பதே மறந்துவிட்டது. நோட்டில் நாற்பது என்று இருந்தால் என் கண்ணுக்கு நாற்பத்தாறு என்றுதான் தெரியும்.

நோட்டைக் கொடுத்தபோது இதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறந்தேனா, மறந்தால் மறக்கட்டும் என்று உள்ளுக்குள் எதுவோ விட்டதா என்று பிறகு பல தடவை யோசித்துவிட்டேன். மறந்துதான் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

சாயங்காலங்களில் உட்கார்ந்து, ஒரே வாரத்தில் ஐநூறையும் ஏற்றினான். சொன்னபடியே ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். காசு வந்தது. 'ரொம்ப நாளா தேடின மோட்டார், நீங்கதான் போட்டிருக்கீங்க, மூணு டீ' என்று ஒருவர். 'எங்க கடையில நாலு பேரு, நாலு டீ' என்று இன்னொருவர். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மாடிப்படி இறங்கும்போது அவன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்ததை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மூன்றாவது வாரம் ஒருவர் எழுதினார், உங்கள் எண்ணில் கட்டிய மோட்டார் சூடாகிறது என்று. கம்பி மட்டமாக இருக்கும் என்று மச்சினன் பதில் போட்டான். பிறகு இன்னொருவர். பிறகு ஒரே நாளில் மூன்று பேர். அதில் ஒரு ஆள் இப்படி எழுதியிருந்தார். 'உன்னை நம்பி மூணு மோட்டார் கட்டினேன். மூணும் புகை. என் டீ காசைத் திருப்பி அனுப்பு.'

"குடிச்ச டீயைக் கக்கச் சொல்றானா?" என்றாள் என் மனைவி.

அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே அந்தக் காசைத் திருப்பி அனுப்பினான்.

இரண்டு நாள் லீவு போட்டான். நோட்டையும் பக்கத்தையும் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை. நோட்டில் உள்ளதுதான் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் நோட்டோடு என் கடைக்கு வந்து, கம்பிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் ஒரு மோட்டாரில் மூங்கில் குச்சியால் காயிலை அழுத்தி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா, இதைக் கொஞ்சம் படிங்க. என் கண்ணுலதான் கோளாறோ என்னமோ. இந்த அஞ்சு எச்.பி. எத்தனை சுத்து?"

இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். "நாப்பத்தாறு."

"நல்லா பாருங்க."

"நாப்பத்தாறுடா. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நாப்பதுன்னு எழுதியிருக்கு மாமா."

என் கையில் இருந்த மூங்கில் குச்சி நின்றது. அவன் பக்கத்தைத் திருப்பினான். "இது?"

நான் குச்சியைக் கீழே வைத்தேன்.

"படிங்க மாமா."

"அம்பத்தெட்டு."

"அம்பத்திரண்டுன்னு இருக்கு."

மேலும் நாலைந்து பக்கம் திருப்பினான். என்னை எதுவும் கேட்கவில்லை. விரல் இல்லாத அந்தக் கையால் எண்களைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

"ஆறா?"

"ஆறு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"எதுக்கு மாமா?"

"திருடினவன் மோட்டார் எரியணும்னுதான்."

"நான் திருடலையே," என்றான். "கேட்டுத்தானே வாங்கினேன்."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அன்றைக்கே தீர்ந்துபோயிருக்கும்.

வீட்டுக்குப் போனதும் வழி சொன்னேன். "எல்லாத்துக்கும் ஆறு கூட்டிப் போட்டுடு மாப்ள. ஒரு வேலையும் இல்லை. யாருக்கும் தெரியாது."

"கூட்டியாச்சு மாமா. ஏற்கெனவே பாத்துட்டுப் போனவங்களுக்கு எப்படிச் சொல்றது?"

பக்கத்தின் உச்சியில் அறிவிப்புப் போடப் போவதாகச் சொன்னான். கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. அறிவிப்பைப் போட்டால் ஒரு பைசா வராது என்பது குழந்தைக்கும் தெரியும்.

"பதினோரு நாள் பொறு. காசு சேரட்டும், கட்டிடு. பன்னெண்டாம் நாள் போட்டுக்க. உன்னை யாரு கேக்கப் போறா?"

"பதினோரு நாள்ல எத்தனை மோட்டார் மாமா?"

"எரிஞ்சா மறுபடி கட்டிக்கறான். உலகத்துல மோட்டாரே எரிஞ்சதில்லையா?"

"ஒருத்தன் இப்பக் கம்பியை வாங்கிட்டு வந்து உக்காந்திருப்பான். நேத்து என் பக்கத்துல நாப்பதுன்னு பாத்து எழுதிட்டுப் போயிருப்பான். அவன் சுத்தறதுக்குள்ள சொல்லணும்."

என் மனைவி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவரு சொல்றதும் நியாயமாத்தானேடா இருக்கு," என்றாள். அவள் என் பக்கம் பேசியது அபூர்வம். அவன் மாடி ஏறினான்.

அரைமணியில் அறிவிப்பு வந்துவிட்டது. 'சமீபத்தில் ஏற்றிய ஐநூறு மோட்டார்களின் எண்களில் ஆறு சுற்று குறைந்துவிட்டது. இப்போது திருத்தியிருக்கிறேன். பழைய எண்ணை எழுதிக்கொண்டு போனவர்கள் கட்ட வேண்டாம். இது இந்தப் பக்கத்தை நடத்துகிறவனின் தவறு.' நான் என் போனில் படித்தேன். என் கடையைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

"என் பேர்ல பழியைப் போட்டிருக்கலாமே," என்றேன் மறுநாள்.

"உங்க கடைக்கு ஆள் வரணும்ல," என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

காசு அன்றோடு நின்றது. குழாயை இறுக்கி மூடியதுபோல நின்றது. மோட்டார் கடைக்காரர்கள் போனில் வைத்திருக்கும் குழுக்களில் அவன் பக்கத்துக்குப் 'புகை மண்டலம்' என்று பெயர் வைத்தார்கள். ஐநூறு தப்பு என்றால் மீதி ஆறாயிரம் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்டார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒரே ஒருவர் மட்டும் 'தப்பைச் சொன்னதுக்கு ஒரு டீ' என்று அனுப்பினார். அதை மச்சினன் சாப்பாட்டு நேரத்தில் படிக்கவில்லை. அவன் போனை எடுத்துப் பார்த்த என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடையில் மூன்று பெரிய சுருள் செம்புக் கம்பி இருந்தது. அதை விற்று, கையில் இருந்ததையும் சேர்த்தால் பாக்கித் தொகை தேறிவிடும். விற்றேன். தேதிக்கு நாலு நாள் முன்னால் பணத்தைக் கொண்டுபோய் அவன் கட்டிலில் வைத்தேன்.

"எடுத்துட்டுப் போங்க மாமா."

"ரோஷம் பாக்கற நேரமாடா இது? தப்பு பண்ணினவன் நான். நான் கட்டறேன்."

"ரோஷம் இல்ல. உங்க காசுல இன்னும் மூணு வருஷம் அது திறந்திருக்கும். யாரு வருவா? வந்தாலும் எண்ணைப் பாத்துட்டு, இதை நம்பலாமான்னு யோசிச்சுட்டு மூடிட்டுப் போவான். டீ காசுன்னா காசு இல்ல மாமா. 'உன் எண்ணுல கட்டினேன், ஓடுச்சு'ன்னு ஒருத்தன் சொல்றது அது. அதை நீங்க மொத்தமாக் குடுக்க முடியாது."

"நான் சொல்றேன். ஓடும்னு நான் சொல்றேன்."

அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான். பணத்தை நானே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அந்த மூன்று மாசத்தில் வந்திருந்ததையெல்லாம் அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நூற்றுக்கணக்கான பேர். ஒவ்வொரு டீயாக.

கடைசி நாள் அவன் எப்போதும்போல ஸ்டோருக்குப் போனான். நான் கடையில் வேலை ஓடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு அந்த அஞ்சு எச்.பி. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தாறு என்று சரியாக இருந்தது. பன்னிரண்டு தாண்டி மறுபடி அழுத்தினேன், வெள்ளையாக வந்தது. கொஞ்சம் பொறுத்து அழுத்தினேன். நெட்டு வரவில்லையோ என்று தெருவுக்கு வந்து நின்றும் அழுத்தினேன். எதிர்க்கடைக்காரர் யாருக்கு போன் போடுகிறாய் என்று கேட்டார். சும்மா என்றேன்.

மச்சினனின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் நகல் இருக்கிறது. அவன் அதைத் திறப்பதில்லை. கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு வைத்திருக்கிறான். ஸ்டோருக்குப் போகிறான், வருகிறான், போட்டதைச் சாப்பிடுகிறான். மோட்டார் பேச்சே இல்லை. என்னை இன்றுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் மனைவி ஒருநாள் அடுப்படியில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். குடுத்துத் தொலைங்கன்னு நான்தானே சொன்னேன் என்றாள். நீ என்ன செய்வாய் என்றேன்.

பக்கத்தில் அவன் போன் எண் இருந்ததால் கொஞ்ச நாள் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. 'புகை மண்டலம்' என்று சிரித்தவர்களுக்கும் வேலை என்று வந்தால் அந்தப் பக்கம் தேவைப்பட்டது. எல்லா அழைப்பையும் எடுத்து மரியாதையாகப் பேசினான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று வந்தது. கையில் சோறு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, உங்க பக்கம் ஒரு மாசமாத் திறக்க மாட்டேங்குது. என்னாச்சு?"

"மூடியாச்சுங்க."

"அய்யோ. காசு பத்தலையாண்ணே? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்கள்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருப்போமே."

மூன்று மாசம் பக்கத்தின் உச்சியில் இருந்தது அந்த வார்த்தை. எனக்கு வாய் துறுதுறுத்தது. மச்சினன், "ஆமாங்க, சொல்லியிருக்கணும்," என்றான்.

"போகட்டும்ணே. ஒரு அவசரம். ஆஸ்பத்திரி தண்ணி மோட்டாரு, ஏழரை எச்.பி. உள்ள கருகிக் கட்டியாக் கெடக்கு, எண்ண முடியல." மோட்டாரின் கம்பெனியையும் மாடலையும் சொன்னார். "எத்தனை சுத்துன்னு ஞாபகம் இருக்காண்ணே?"

அவனுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எனக்கே தெரியும், முப்பத்தெட்டு. நான் எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கக் கையை நீட்டினேன். அவன் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"தெரியலைங்க," என்றான். "தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க."

அவர் சரிண்ணே என்று சொல்லி வைத்துவிட்டார். என் மனைவி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கப் போனாள். போதும்கா என்று கையால் மறைத்துக்கொண்டான்.